மாணவர் கணினியில் வளர்ச்சிப் பதிப்பு வேண்டாம்: பெங்களூரு நிறுவல் முகாம் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கணினிகளுக்கு விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவித் தரும் தன்னார்வ நண்பர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

அல்சூர் ஏரிக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்துக்குள் எங்கள் மாலைநேரப் பயிற்சி மையம் இருக்கிறது. பூ விற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் என்று நம் மக்களின் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலிருந்து பி.யு.சி. வரை அங்கே வந்து படிக்கிறார்கள். அதன் கணினி அறையைப் பார்த்துக்கொள்பவன் நான். தூரவாணி நகர்த் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். சோதனை என்றாலே அஞ்சுகிற கிழவன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

2025 கோடை விடுமுறையில் உங்களில் ஒரு குழுவினர் வந்து, நிறுவனங்கள் கழித்துப்போட்ட மடிக்கணினிகளுக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை நிறுவித் தந்தீர்கள். அதற்கு நன்றி சொல்லாமல் மேலே எழுதக் கூடாது. அந்த அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு எங்கள் கணினிகளில் இல்லை. எஸ்.பி. ரோட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் எடைக்குத்தான் விலை பேசியிருப்பார்கள். குப்பைக்குப் போகவிருந்த இயந்திரங்களில் இன்று பிள்ளைகள் தமிழில் தட்டச்சு செய்கிறார்கள் என்றால் அது உங்கள் உழைப்பு. கட்டற்ற மென்பொருளைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அதன் பெயர் எங்கள் தெருவில் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். நீங்கள் நிறுவியது, சோதித்து முடித்து வெளியிடப்பட்ட டெபியனின் நிலைப்பதிப்பு அன்று; இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் வளர்ச்சிப் பதிப்பு. மென்பொருள் பொதிகளை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லும் ‘சோர்சஸ் லிஸ்ட்’ கோப்பில் ‘டெஸ்டிங்’ என்று எழுதிவிட்டுப் போனீர்கள். மே மாதத்தில் அது நன்றாகவே ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? டெபியனில் புதிய பொதி முதலில் ‘அன்ஸ்டேபிள்’ என்ற வளர்ச்சிக் கிளைக்கு வருகிறது. பெரிய வழு, அதாவது மென்பொருள் பிழை, எதுவும் பதிவாகாமல் இரண்டு முதல் பத்து நாட்கள் கடந்தால் ‘டெஸ்டிங்’ கிளைக்குப் போகிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தக் கிளையில் மாற்றங்களை உறையவைத்து, வழுக்களைக் களைந்து, அதையே நிலைப்பதிப்பாக வெளியிடுகிறார்கள். ட்ரிக்ஸி என்ற பதின்மூன்றாம் பதிப்புக்கான உறைவு 2025 மார்ச்சில் தொடங்கியது. ஆகவே நீங்கள் வந்தபோது டெஸ்டிங் கிளை கிட்டத்தட்ட அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அந்த அமைதியைப் பார்த்து, அது எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டீர்கள்.

ஆகஸ்ட் 9 அன்று ட்ரிக்ஸி வெளியானது. அந்தக் கோப்பில் ‘ட்ரிக்ஸி’ என்று எழுதியிருந்தால், யாரும் எதையும் தொடாமலே எங்கள் கணினிகள் நிலைப்பதிப்புக் கணினிகளாக மாறியிருக்கும். ‘டெஸ்டிங்’ என்று இருந்ததால், அடுத்த பதிப்பான ஃபோர்க்கியின் வளர்ச்சிக் கிளைக்கு அவை தாவிவிட்டன. உறைவு முடியட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்த மாற்றங்கள் எல்லாம் அடுத்தடுத்து உள்ளே வரத் தொடங்கின.

“புதுப்பிப்பு வந்தால் ஆம் என்று கொடுத்துவிடுங்கள்” என்று பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள். நிலைப்பதிப்பாக இருந்திருந்தால் அது மிக நல்ல அறிவுரை. வளர்ச்சிக் கிளையில், பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் லைப்ரரி ஒன்று மாறி, அதைச் சார்ந்த பொதிகள் இன்னும் மாறாமல் இருக்கும் இடைக்காலம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் முழுப் புதுப்பிப்பு கொடுத்தால், ஒத்துவராத பொதிகளை நீக்கிவிடட்டுமா என்று கணினி கேட்கும். ஆங்கிலத்தில் நீண்ட பட்டியல், கடைசியில் ஒரு கேள்வி. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொல்லிக் கொடுத்தபடியே ‘ஆம்’ என்று அழுத்தினாள். மறுமுறை கணினி திறந்தபோது மேசைத்திரை இல்லை, தமிழ்99 விசைப்பலகையைத் தரும் பொதியும் இல்லை. கறுப்புத் திரையில் உள்நுழைவுச் சொல் கேட்கும் ஒற்றை வரி மட்டும் இருந்தது. உதவித்தொகை விண்ணப்பத்துக்காக அவள் வருடி வைத்திருந்த சான்றிதழ்கள் அதற்குள் இருந்தன. அவற்றை எடுத்துக்கொடுத்துவிட்டேன். ஆனாலும் தான் ஏதோ பெரிய தவறு செய்துவிட்டதாக நினைத்து அந்தப் பிள்ளை அழுததை உங்களிடம் சொல்லாமல் விட முடியாது.

உங்கள் குழுவில் ஒரு தம்பியைத் தொலைபேசியில் கேட்டேன். “வளர்ச்சிக் கிளை என்றால் அப்படித்தான் அங்கிள், சில வாரங்களில் தானே சரியாகிவிடும்” என்றார். அவர் சொன்னதில் தொழில்நுட்பப் பிழை எதுவும் இல்லை. அவருடைய கணினியைப் பொறுத்தவரை அது சரியான விடைதான்.

வெளியிடப்படாத ஒரு பதிப்பை ஓட்டுவது ஓர் உடன்பாடு என்பது என் கருத்து. புதியது உங்களுக்கு முதலில் கிடைக்கும். பதிலுக்கு, உடைந்தால் எது உடைந்தது, எந்தப் பொதியில், எந்தப் பதிப்பு எண்ணில் என்று கண்டறிந்து உருவாக்குநர்களுக்குத் தெரிவிப்பீர்கள். திறமூல இயங்குதளங்கள் அந்த உடன்பாட்டில்தான் வளர்கின்றன. எங்கள் மாணவிக்கு இப்படி ஓர் உடன்பாடு இருப்பதே தெரியாது. அவள் கணினி உடைந்தால் உலகத்தில் ஒருவருக்கும் வழு அறிக்கை போய்ச் சேராது. அவளுக்கும் நட்டம், டெபியனுக்கும் பயனில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்தக் கணக்கில் இலவசமாகக் கிடைப்பதை மறுக்க முடியாதவர்கள் தலையில் சோதனைப் பணியை ஏற்றிவிட்டீர்கள்.

இந்த இடத்தில் உங்களில் பலர் 2024 மார்ச் 29-ஐ எனக்கு நினைவூட்டுவீர்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்ற நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள், வெளியாள் கள்ளத்தனமாக நுழைய வழிசெய்யும் ஒரு பின்வாசலை யாரோ செருகியிருந்த செய்தி வெளியான நாள் அது. ஜியா டான் என்ற பெயரில் இயங்கியவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நல்ல பங்களிப்பாளராக நடந்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகு அதைச் செய்தார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். அவர் ஓட்டியது டெபியன் அன்ஸ்டேபிள். “பார்த்தீர்களா, வளர்ச்சிக் கிளையை ஓட்டிய ஒருவர் உலகத்தையே காப்பாற்றினார்” என்று இதை எனக்கு எடுத்துச் சொன்னவர்கள் உண்டு.

உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் யார்? போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தின் உருவாக்குநர்களில் ஒருவர். வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். நினைவகப் பிழை காட்டும் கருவி சில வாரங்களுக்கு முன் முணுமுணுத்ததை அதனோடு சேர்த்துப் பார்த்து, நூல் பிடித்துப் போய்க் கண்டுபிடித்தார். எங்கள் அறையில் அரை விநாடித் தாமதத்தை யார் கவனித்திருப்பார்கள்? கணினியைத் திறந்துவிட்டுத் தேநீர் வாங்கி வரப் போகிறவன் நான்.

அதே நிகழ்வின் மறுபக்கத்தையும் பாருங்கள். அந்தப் பின்வாசல் போய்ச் சேர்ந்த இடங்கள் எவை? டெபியனின் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் கிளைகள், மற்ற லினக்ஸ் வகைகளில் ஃபெடோராவின் வளர்ச்சிக் கிளையான ராஹைடு, ஓப்பன்சூசேயின் இடைவிடாது புதுப்பிக்கப்படும் டம்பிள்வீட், காளி லினக்ஸ் ஆகியவை. டெபியனின் நிலைப்பதிப்பைத் தொடவில்லை. டெபியனிலிருந்து உருவான உபுண்டுவில், 24.04 பதிப்புக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ‘புரொப்போஸ்டு’ பகுதியோடு நின்றது. அங்கும் சந்தேகத்துக்குரிய காலத்தில் கட்டப்பட்ட பொதிகளை எல்லாம் தூக்கிவிட்டு மறுபடி கட்டினார்கள், பீட்டா வெளியீட்டை ஒரு வாரம் தள்ளினார்கள். காத்திருத்தல் என்ற அந்த எளிய ஏற்பாடுதான் கோடிக்கணக்கான சாதாரணப் பயனர்களைக் காத்தது. அந்த ஏற்பாட்டுக்கு வெளியே கொண்டுபோய் எங்கள் பிள்ளைகளை நீங்கள் நிறுத்தினீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. புதிய பதிப்பு என்றால் ஓட்டைகள் முன்னதாகவே அடைபட்டிருக்கும் என்ற எண்ணம் உங்களில் சிலரிடம் இருக்கிறது. டெபியனின் பாதுகாப்புக் குழு முதலில் கவனிப்பது நிலைப்பதிப்பைத்தான். டெஸ்டிங் கிளைக்கான திருத்தம் பெரும்பாலும் அன்ஸ்டேபிள் வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். இடையில் பெரிய மாற்றம் ஏதாவது நடந்தால் வழியிலேயே நிற்கும். 2038 ஜனவரி 19-க்குப் பிறகும் 32 பிட் கணினிகளில் காலக்கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று 2024-இல் ஏராளமான லைப்ரரி பொதிகளைப் பெயர் மாற்றிக் கட்டினார்கள். தேவையான, நல்ல பணி. அதற்கிடையில் வளர்ச்சிக் கிளைகளை ஓட்டியவர்கள் பட்ட பாட்டை உங்களில் சிலர் நேரிலேயே அனுபவித்திருப்பீர்கள்.

“உடைந்தால் மறுபடி நிறுவித் தருகிறோம்” என்று ஒரு தங்கை பெருந்தன்மையோடு சொன்னார். மறு நிறுவலால் தீராத சேதமும் உண்டு அம்மா. 2008 செப்டம்பரில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். என் தொழிலுக்கு நெருக்கமான கதை என்பதால் எனக்கு இதில் தனி ஈடுபாடு. லினக்ஸின் மைய நிரலான கெர்னலின் 2.6.27 பதிப்பு அப்போது வெளியீட்டுக்கு முந்தைய நிலையில் இருந்தது. அதை எடுத்துக் கட்டிய உபுண்டு, ஃபெடோரா, ஓப்பன்சூசே, மாண்ட்ரிவா சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களுடைய இன்டெல் கிகாபிட் வலையட்டைகள் திடீரென்று செத்துப்போயின. அட்டையின் உள்ளே தன் அடையாளத்தையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் சிறு நிரந்தர நினைவகம் அழிந்திருந்தது. வட்டை அழித்துவிட்டு எந்த இயங்குதளத்தை நிறுவினாலும் அட்டை எழுந்திருக்கவில்லை.

எல்லோரும் அட்டையை வேலை செய்யவைக்கும் நிரலான இயக்கியைச் சந்தேகித்தார்கள். உண்மையான குற்றவாளி வேறெங்கோ இருந்தது. கெர்னலைக் கட்டும்போது தேர்ந்தெடுக்கும் அமைப்புகளில் ‘டைனமிக் எஃப்டிரேஸ்’ என்று ஒன்று, செயல்கூறுகளின் ஓட்டத்தைப் பின்தொடர உருவாக்குநர்களுக்கு உதவும் கருவி. தான் குறித்து வைத்த நினைவக இடங்கள் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டுவிட்டன என்று தெரியாமல் அங்கே போய் எழுதிக்கொண்டிருந்தது அது. அதே இடம் இதற்குள் வலையட்டைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பிழைதிருத்த உதவியாகச் சேர்த்த ஓர் அமைப்பு, தொடர்பே இல்லாத ஒரு வன்பொருளைக் கொன்றுவிட்டது. அக்டோபர் 9 அன்று 2.6.27 வெளியாவதற்குள் அட்டையின் நினைவகத்தில் எழுத முடியாதபடி காப்பு போட்டார்கள். அடுத்து வந்த 2.6.27.1-இல் அந்த எஃப்டிரேஸ் அமைப்பையே முடக்கினார்கள். வெளியீடு வரை காத்திருந்தவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது. எங்கள் மடிக்கணினிகளில் ஒன்றுக்கு இப்படி நேர்ந்தால் புதிய மதர்போர்டு யார் வாங்கித் தருவது?

அது பழங்கதை என்பீர்கள். 2021 மார்ச்சில் கெர்னல் 5.12-இன் முதல் முன்வெளியீட்டையே பயன்படுத்தாதீர்கள் என்று லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எச்சரித்து, அதன் பெயரோடு ‘டோன்ட்யூஸ்’ என்றும் ஒட்டிவிட்டார். நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படுத்தும் இடமான ஸ்வாப்புக்குத் தனிப் பகிர்வு வைக்காமல் கோப்பாக வைத்திருந்தவர்களின் வட்டில், எழுத வேண்டிய இடத்தை விட்டுத் தவறான இடத்தில் தரவு எழுதப்பட்டு, கோப்பு முறைமையே சிதைந்தது. உருவாக்குநர்களில் பலர் ஸ்வாப் கோப்பு வைத்துக்கொள்வதில்லை, அதனால் அவர்கள் கண்ணில் அது படவில்லை. உபுண்டுவோ 17.04 முதல் இயல்பாகவே ஸ்வாப் கோப்பைத்தான் உருவாக்குகிறது. உருவாக்குநரின் மேசையில் இருக்கும் கணினி வேறு, எங்கள் பிள்ளைகள் கையில் இருப்பது வேறு. அந்த வேறுபாட்டில் எத்தனை வழுக்கள் ஒளிந்திருக்கும் என்பது வெளியீட்டுக்கு முன் யாருக்கும் தெரியாது.

நிலைப்பதிப்பில் மட்டும் பிழை வருவதில்லையா என்று கேட்பீர்கள். வருகிறது. 2023 டிசம்பரில் டெபியன் 12.3-க்காக வைத்திருந்த கெர்னலில் ஈ.எக்ஸ்.டி.4 கோப்பு முறைமையைச் சிதைக்கக்கூடிய வழு ஒன்று அகப்பட்டது. வெளியீட்டை நிறுத்தினார்கள், புதுப்பிக்காதீர்கள் என்று அறிவித்தார்கள், டிசம்பர் 10 அன்றே திருத்தத்தோடு 12.4-ஐ வெளியிட்டார்கள். உபுண்டு 17.10 இன்னும் மோசமான உதாரணம். கெர்னல் மூலத்திலேயே எச்சரிக்கையோடு இருந்த ஓர் இன்டெல் இயக்கியை இயக்கி வைத்து வெளியிட்டுவிட்டார்கள்; சில லெனோவோ மடிக்கணினிகளில், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரல் பாழானது. 2017 டிசம்பரில் பதிவிறக்கத்தையே நிறுத்த வேண்டி வந்தது. நிலைப்பதிப்பு பிழையற்றது என்று நான் வாதாடவில்லை. அங்கே தவறு நடந்தால் நிறுத்த ஆள் இருக்கிறது, அறிவிக்க ஆள் இருக்கிறது, திரும்பிப் போக வழி இருக்கிறது. வளர்ச்சிக் கிளையில் இந்த மூன்றும் நீங்களேதான். நீங்களோ வார நாட்களில் எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் இருக்கிறீர்கள்.

திரும்பிப் போகும் வழி பற்றி ஒரு வார்த்தை. டெபியனில் மேலே ஏறிய பொதிகளைக் கீழே இறக்குவதற்கு முறையான ஆதரவு கிடையாது. கோப்பில் ஒரு வரியை மாற்றி எழுதினால் நிலைப்பதிப்புக்குத் திரும்பிவிடலாம் என்று உங்களில் ஒருவர் எனக்கு ஆலோசனை சொன்னார். அப்படிச் செய்தால் பாதி அங்கும் பாதி இங்குமாக நிற்கும். அதைவிட இப்போதைய நிலையே மேல்.

சிவாஜிநகரில் திருமண அழைப்பிதழ் அச்சிடும் நண்பர் ஒருவருக்கும் வேறொரு முகாமில் ஃபெடோரா ராஹைடு நிறுவித் தந்திருக்கிறார்கள். நான்கு ஜிபி நினைவகம் உள்ள கணினி. “லினக்ஸ் போட்டால் வேகமாக ஓடும் என்றீர்களே” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். ராஹைடின் கெர்னல்களில் பெரும்பாலும் பிழைதிருத்த அமைப்புகள் இயங்கும் நிலையிலேயே இருக்கும், உள்ளே நடக்கும் ஒவ்வொன்றையும் சரிபார்த்துக்கொண்டே ஓடும். லினக்ஸ் அல்லாத இன்னொரு கட்டற்ற இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியின் ‘கரண்ட்’ என்ற வளர்ச்சிக் கிளையும் இப்படித்தான்; விட்னஸ், இன்வேரியன்ட்ஸ் என்ற சரிபார்ப்புகள் அங்கே இயல்பாக இயங்கும், வெளியீட்டில் அவற்றை அணைத்துவிடுவார்கள். உருவாக்குநருக்கு அந்த மெதுவான ஓட்டம் வரம். வைகாசி முகூர்த்தத்துக்கு அழைப்பிதழ் அடிக்கும் மனிதருக்கு எதற்கு?

புதிய வைஃபை சில்லு வேலை செய்யவில்லை, அதனால்தான் புதிய கிளைக்குப் போனோம் என்பது உங்கள் தரப்பில் நான் மதிக்கும் ஒரே காரணம். ஆனால் 2022-இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் கட்டற்றவை அல்லாத, சில்லுகளுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் நிரல்களும் அதிகாரபூர்வ நிறுவியிலேயே வருகின்றன. அதுவும் போதவில்லை என்றால் நிலைப்பதிப்பின் மேலேயே ‘பேக்போர்ட்ஸ்’ பகுதியிலிருந்து புதிய கெர்னலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பில் புதிய வன்பொருளுக்கான கெர்னல் தொடர் தனியாகவே உண்டு. புதிய லிப்ரே ஆஃபீஸ்தான் வேண்டும் என்றால், இயங்குதளத்தைத் தொடாமல் ஒரு நிரலை மட்டும் தனியாக நிறுவும் ஃபிளாட்பேக் இருக்கிறது. ஒரு சில்லுக்காக மொத்த இயங்குதளத்தையும் வளர்ச்சிக் கிளைக்குத் தூக்கிப்போவது சோம்பேறித்தனம். சொல் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு சொல் எனக்கு அகப்படவில்லை.

ஆகவே என் கோரிக்கை இது. இனி எந்த முகாமிலும், கணினிக்கு உரியவர் தானே கேட்டாலொழிய, வெளியிடப்படாத பதிப்பை நிறுவாதீர்கள். கேட்டாலும், உடைந்தால் யாரிடம் போவது என்று அவருக்குத் தெரியுமா என்று விசாரியுங்கள். சோர்சஸ் லிஸ்ட் கோப்பில் பதிப்பின் பெயரை எழுதுங்கள், கிளையின் பெயரை எழுதாதீர்கள். எந்தப் பதிப்பு, ஆதரவு எந்த ஆண்டு வரை, யாரை அழைக்க வேண்டும் என்று தமிழிலும் கன்னடத்திலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடிக்கணினியின் அடியில் ஒட்டிவிட்டுப் போங்கள். முகாமில் தேநீருக்கு ஆகும் செலவுகூட இதற்கு ஆகாது.

சோதனையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களிடம் பிள்ளைகள் தொடாத உதிரி மடிக்கணினி ஒன்று இருக்கிறது. அதில் ஃபோர்க்கியை நிறுவுங்கள், நானே தினமும் ஓட்டுகிறேன். பி.யு.சி. படிக்கும் பையன்கள் இருவர் இதில் ஆர்வமாக இருக்கிறார்கள். வழு அறிக்கை எழுதுவது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். தமிழ் உள்ளீட்டில் வரும் கோளாறுகளை எங்களைவிட யார் சீக்கிரம் பார்க்கப்போகிறார்கள்? அந்த அறிக்கைகள் எங்கள் அறையிலிருந்து போனால் எனக்கும் பெருமைதான்.

மற்ற கணினிகளை ட்ரிக்ஸிக்கு மாற்றித் தர வேண்டும். பிள்ளைகளின் கோப்புகளை எல்லாம் வெளி வட்டில் நகலெடுத்து வைத்துவிட்டேன், நீங்கள் தயங்காமல் வட்டை அழிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு அறையைத் திறந்துவிடுவேன். வருகிறவர்கள் முழு நிறுவல் படிமத்தைப் பென்டிரைவில் எடுத்து வாருங்கள். எங்கள் இணைய இணைப்பை நம்பி வெறும் வலைவழி நிறுவியோடு வந்தால் மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

அன்புடன்,
கணினி அறைப் பொறுப்பாளர்,
மாலைநேரப் பயிற்சி மையம், அல்சூர், பெங்களூரு